அவசரம்: ஹட்டன் பக்கம் இரவில் பார்க்கிற மிருக வைத்தியர் யாராவது?

அல்சேஷன் நாய், 11 வயது, 32 கிலோ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிட்டது. ஓங்கரிக்கிறது, நுரை எச்சில் மட்டும்தான் வருகிறது. ஈறு வெளிறிப்போயிருக்கு, விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 செக்கன் (2க்குள் வரவேண்டும்). இரைப்பை முறுக்கிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. அப்படியென்றால் வெறும் ஊசியால் தீராது. சேலைன் ஏற்றி, காற்றை இறக்கி, ஒப்பரேஷன் செய்யவேணும். விடியும்வரை வைத்திருக்க ஏலாது.

எக்ஸ்ரே, ஒப்பரேஷன் வசதியுள்ள இடம் ஹட்டன், நுவரெலியா பக்கம் இருந்தால் நம்பர் போடுங்கள். பேராதனை மிருக வைத்தியசாலையில் இந்நேரம் எடுப்பார்களா? கினிகத்தேனை வளைவுகளில் படுக்கவைத்துக் கொண்டுபோக, பின்சீட் மடக்கக்கூடிய வேனும் தேவை.

ஓமத்தண்ணி, சோடா, எண்ணெய் என்று சொல்லாதீங்க அண்ணாமாரே. வயிற்றுக்குள் இறங்காது, நுரையீரலுக்குப் போனால் இன்னும் ஆபத்து.