கொரோனா நேரத்தில் சீனப் பெண்களுக்கு நடந்தது: பார்த்தவர்கள் எழுதுங்கள்

குயின்ஸ்வாசி:
2020 மார்ச் முதல் வாரம், நியூயார்க்கில் ஃப்ளஷிங் போகும் 7ஆம் எண் ரயில். என்னோடு வேலை பார்க்கும் சீன அக்கா மாஸ்க் போட்டிருந்தார். வேறு யாரும் போடாத நேரம் அது. அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் சட்டையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஒரு வார்த்தை இல்லை. அக்கா மடியிலிருந்த பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தார், யாருக்கோ இடம் பிடிப்பதுபோல. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். போய் உட்காரவில்லை.

ஸ்காபரோ தமிழிச்சி:
எங்கள் கட்டடத்தில் ஒரு சீன அம்மா. 30 வருடத்துக்கு முன் ஹாங்காங்கிலிருந்து வந்தவர். லிஃப்டுக்குள் வந்ததும் எங்கட ஆட்களே இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் என் சொந்த மாமி. "நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன்" என்று அந்த அம்மாவே வெளியே வந்துவிட்டார். இரண்டு கையிலும் சாமான் பை. 2003இல் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தபோதும் டொராண்டோவில் சீனக் கடைகள் இப்படித்தான் வெறிச்சோடின.

ரவி_ஜெர்சி:
முதல் பதிவில் இருப்பது நோய் பயம். எல்லாவற்றையும் இனவெறி என்று சொல்லிவிட முடியாது.

மீனா:
ரவி, மாஸ்க்தான் காரணம் என்றால், ஏப்ரலில் எல்லோரையும் போடச் சொன்ன பிறகு நின்றிருக்க வேண்டுமே? கடையில் எனக்கு முன்னால் நின்ற சீனப் பெண்ணுக்குச் சில்லறையை மேசையில் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கையிலேயே கொடுத்தார்கள். இருவருமே மாஸ்க் போட்டிருந்தோம்.

இனி இப்படிப் பார்த்தால், திட்டுகிறவரோடு மோதாதீர்கள். அந்தப் பெண்ணிடம் போய்த் தெரிந்தவர்போலப் பேச்சுக் கொடுங்கள். அவர் சரி என்றால் மட்டும் வீடியோ எடுங்கள். தேதி, இடம் குறித்துக் கொடுங்கள். போலீசுக்குப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், விசா பயம் இருக்கும். அமெரிக்காவில் ஆசியர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவுசெய்ய 2020 மார்ச்சில் தொடங்கிய ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் (Stop AAPI Hate) அமைப்புக்குச் சீன மொழியிலேயே எழுதலாம். அங்கே வந்த புகார்களில் பெரும்பாலானவை பெண்கள் கொடுத்தவை.

குயின்ஸ்வாசி:
பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் ரவி. 2021 மார்ச் 16இல் அட்லாண்டா பகுதியில் ஒருவன் 8 பேரைச் சுட்டுக் கொன்றானே, அதில் 6 பேர் ஆசியப் பெண்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அக்கா வேலைக்கு வரவில்லை. அப்புறம் வந்தபோது மாஸ்க்குக்கு மேல் கறுப்புக் கண்ணாடி, நெற்றி மறையத் தொப்பி.

"இப்போது பார்த்தால் தெரியாதில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.