சப்பசிகே கீரையைக் காய வைத்தால் வைக்கோல் வாசனைதான் வருகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

மதுரைவாசி
வணக்கம். பெங்களூரில் பதினோரு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம்தான் மதுரைக்கு மாறி வந்தோம். அங்கே தெருமுனையில் சப்பசிகே சொப்பு என்று கட்டுக் கட்டாக விற்பார்களே, சோயிக்கீரை, சதகுப்பைக் கீரை என்றெல்லாம் சொல்வது, அது போடாத அக்கி ரொட்டி (அரிசி மாவு ரொட்டி) எங்கள் வீட்டில் யாருக்கும் இறங்காது. இங்கே நான் போகும் மார்க்கெட்டில் கேட்டால் சோம்புச் செடியா என்று திருப்பிக் கேட்கிறார்கள். கணவர் மாதம் ஒருமுறை வேலையாக பெங்களூர் போகும்போது ஆறேழு கட்டு வாங்கி வருவார். நாலு நாளில் அழுகிவிடுகிறதே என்று காய வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் வீண்.

முதல் தடவை கழுவி, பொடியாக நறுக்கி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் போட்டேன். ஒரே நாளில் காய்ந்துவிட்டது, ஆனால் நிறம் வெளுத்து, முகர்ந்தால் வைக்கோல். அடுத்த தடவை ஹாலில் ஃபேனுக்குக் கீழே செய்தித்தாளில் பரப்பினேன். மூன்றாம் நாள் தொட்டால் மொறுமொறு என்றிருந்தது, அங்கங்கே மட்டும் கறுத்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாட்டிலில் போட்டு மூடினேன். எட்டாம் நாள் திறந்தால் பூஞ்சை வாடை, அடியில் வெள்ளையாக நூல் நூலாக இருந்தது. அப்படியே கொட்டிவிட்டேன். மூன்றாவதாக மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தேன், ஓரம் கருகி நடுவில் ஈரம். யாராவது சரியாகச் செய்திருந்தால் சொல்லுங்கள், இவ்வளவு தூரம் சுமந்து வரும் கீரையைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

ஓசூர் அடுப்படி
பதில் சொல்லும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும் சகோதரி. கீரை பெங்களூரிலிருந்து எப்படி வருகிறது? காய வைக்கும்போது தண்டை எடுத்தீர்களா, அதோடேயே நறுக்கினீர்களா?

மதுரைவாசி
ராத்திரி பஸ்ஸில் பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வரும். காலையில் பிரித்தால் பைக்குள் வேர்த்திருக்கும், கட்டுக்கு நடுவில் கையை விட்டால் சூடாகவே இருக்கும். தண்டு எடுக்கவில்லை, இளசாகத்தானே இருக்கிறது என்று சேர்த்தே நறுக்கினேன்.

ஓசூர் அடுப்படி
பாதித் தப்பு பஸ்ஸிலேயே நடந்துவிட்டது. கறுத்துப்போனது அந்த வெந்த இலைகளாகத்தான் இருக்கும். அடுத்த முறை வாங்கியவுடன் கட்டைப் பிரித்து உதறி, வேரைக் கிள்ளிவிட்டு, பழைய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். சிறிது வாடி வரும், காய வைக்க அது நல்லதுதான்.

கீரைப்பொடிக்காரர்
நான் முருங்கைக்கீரைப் பொடி செய்து விற்பவன், பெங்களூரில் மாமியார் வீடு, அதனால் இந்தக் கீரையும் பழக்கம்தான். நீங்கள் வெந்தயக்கீரையை மனதில் வைத்துச் செய்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. வெந்தயக்கீரை காயக் காய வாசனை ஏறும், கசூரி மேத்தி என்று அதைத்தானே விற்கிறார்கள். சப்பசிகே கறிவேப்பிலை மாதிரி. அதன் வாசனை முழுக்க இலைக்குள் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது, சூடு பட்டால் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் பறந்துவிடும். இலையோ நூல் மாதிரி மெல்லிசு. நறுக்கும்போது எத்தனை இடத்தில் வெட்டுகிறீர்களோ அத்தனை இடத்திலும் எண்ணெய் வெளியே வருகிறது, கத்தியில் ஒட்டும் அந்த மணம் உங்கள் பாட்டிலுக்குப் போயிருக்க வேண்டிய மணம். அதனால் காய்வதற்கு முன் நறுக்கவே கூடாது. வெயிலும் கூடாது, பச்சையும் போகும், மணமும் போகும்.

பூஞ்சைக்குக் காரணம் தண்டு. பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு 85 கிராம் வரை தண்ணீர்தான். இலை மூன்று நாளில் காயும், தண்டு உள்ளுக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக மூடினால் தண்டின் ஈரம் இலைக்கு ஏறிவிடும், நீங்கள் மொறுமொறு என்று தொட்டுப் பார்த்தது இலையை மட்டும்தான்.

நான் செய்வது இதுதான். சாயங்காலம் நிறையத் தண்ணீரில் அலசுவேன். இந்தக் கீரையில் மண் அதிகம், நாலு தண்ணீர் மாற்ற வேண்டும். அப்புறம் துண்டில் சுருட்டி ஒற்றி, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் கட்டிலில் பரப்பிவிடுவேன். மேல் ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் கொத்துக் கொத்தாக இலையைக் கிள்ளுவேன், நடுத்தண்டு வேண்டாம், அதைப் பருப்பில் போட்டுவிடலாம். கிள்ளிய இலையை ஒன்றன் மேல் ஒன்று படாமல் வலைத்தட்டில், வெளிச்சம் விழாத, காற்று ஓடுகிற அறையில் வைக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அடியில் காற்று போகாது, மையும் ஒட்டும். டிரையர் இருந்தால் 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இலையைக் கையில் கசக்குங்கள். தூளாக உதிர வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி இரண்டு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். உள்பக்கம் பனி மாதிரி படிந்தால் உடனே கொட்டித் திரும்பப் பரப்புங்கள். இந்த இரண்டு நாளைப் பொறுத்திருந்தால் உங்கள் பாட்டில் தப்பித்திருக்கும்.

மல்லேஸ்வரம் மாமி
மதுரை வெக்கையில் அறைக்குள் வைத்தாலும் சூடுதானே, ஃபிரிட்ஜில் காய வைத்துப் பாரும்மா. மேல் ஈரம் போன இலையைத் தட்டில் டிஷ்யூ பேப்பர் விரித்துப் பரப்பி, மூடாமல் மேல் அடுக்கில் வைத்துவிடு. காய்கறி டிராயரில் வேண்டாம், அங்கே ஈரம் நிற்கும். ஃபிரிட்ஜுக்குள் ஓடுகிற குளிர்ந்த காற்று உலர்ந்த காற்று, அதுவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் ஆகும், ஆனால் பச்சை பச்சையாகவே இருக்கும். பக்கத்தில் பூண்டு, வெங்காயம் வைக்காதே. மைக்ரோவேவ்தான் வேண்டும் என்றால் ஒரு பிடி மட்டும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துப் புரட்டு, காய்ந்த இலை தீப்பிடிக்கும், நின்று பார்க்க வேண்டும்.

ரொட்டிப் பிரியன்
நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். அக்கி ரொட்டிக்கு என்றால் காய வைக்கவே வேண்டாம். எவ்வளவு நன்றாகக் காய வைத்தாலும் மாவில் பச்சைக் கீரை தரும் அந்த ஈரமும் மணமும் வராது. பொடியாக நறுக்கித் தட்டில் பரப்பி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, உறைந்ததும் பையில் அள்ளி, காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். கரைய விடாமல் அப்படியே மாவில் போட்டுப் பிசையலாம்.

கீரைப்பொடிக்காரர்
ரொட்டிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஃபிரீசரை மட்டும் நம்ப முடியாது, ஒருமுறை கரைந்தால் கொழகொழ என்று ஆகிவிடும். தயிர், மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவலுக்கு உலர்ந்தது நன்றாகவே இருக்கும். பச்சை ஒரு மேசைக்கரண்டி போடும் இடத்தில் உலர்ந்தது ஒரு டீஸ்பூன். தயிரில் கலந்தால் அரை மணி நேரம் ஊற விடுங்கள். இன்னொன்று, பச்சைக் கீரையை எண்ணெயில் ஊறப் போட்டு வெளியே வைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரும், வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மதுரைவாசி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இந்த முறை கீரை துணியில் சுற்றித்தான் வந்தது. பாதியை மாமி சொன்னபடி ஃபிரிட்ஜில், பாதியை நறுக்கி ஃபிரீசரில். ஒன்பதாம் நாள் கசக்கினேன், உள்ளங்கையில் பச்சைத் தூளாக உதிர்ந்தது, கையை முகர்ந்தால் பெங்களூர் வீட்டு அடுப்படி. பாட்டிலில் இரண்டு நாள் வைத்தும் பனி படியவில்லை. ஆறு கட்டில் பாதி காய்ந்து ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில்கூட நிறையவில்லை, அதுதான் வருத்தம். வெள்ளரிக்காய்ப் பச்சடியில் போட்டேன், மகள் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். ரொட்டிக்கு ஃபிரீசர் கீரைதான், அதில் சந்தேகமே இல்லை. தொட்டியில் வளர்க்க முடியுமா? மதுரையில் எப்போது விதைக்கலாம்?

ஓசூர் அடுப்படி
தாராளமாக. வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும், இலை கிடைக்காது, அதனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் விதையுங்கள். ஆழமான தொட்டியாக இருக்கட்டும், பிடுங்கி நட்டால் பிழைக்காது, விதைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பை பழசாக இருக்கும், விதைக்கடையிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும், பத்துப் பன்னிரண்டு நாளில் முளை தெரியும்.