அமெரிக்கச் சிற்றூர் இரும்புக்கடைகளின் புகைப்பட அஞ்சலட்டைகள்: உறுப்பினர் அனுபவங்கள்

ஒஹாயோவில் வசிக்கும் உறுப்பினர்:

பழம்பொருள் சந்தைகளில் அஞ்சலட்டை விற்பவர்கள் தங்கள் பெட்டிகளை மாநிலவாரியாகவும் ஊர்வாரியாகவும் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த ஊர் என்று தெரியாத அட்டைகள் மட்டும் ஓர் ஒதுக்குப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடக்கும். இரும்புக்கடைகளின் உட்புறப் படங்களைப் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் நான் எடுத்திருக்கிறேன். கடைக்கு வெளியே நின்று எடுத்த படமென்றால் பெயர்ப்பலகை ஏதாவது துப்புக் கொடுக்கும். உள்ளே எடுத்ததில் முதலாளியும் சிப்பந்திகளும் சரக்குமே இருப்பார்கள். அவர்களை நன்கு அறிந்த ஒருவருக்கு அனுப்பும் அட்டையில் ஊர்ப்பெயரைக் குறிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

அண்மையில் கிடைத்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். இடப்பக்கச் சுவர் முழுவதும், தகரத்தில் பூவேலை அழுத்திய கூரை வரைக்கும், சிறு இழுப்பறைகள். உள்ளே என்ன சரக்கு என்று எழுதி ஒட்டாமல், அந்தச் சரக்கில் ஒன்றையே இழுப்பறையின் முகப்பில் பொருத்தியிருக்கிறார்கள்: ஒன்றில் கீல், ஒன்றில் தாழ்ப்பாள், இன்னொன்றில் கதவுக் கைப்பிடி. மேல்வரிசைக்கு எட்டுவதற்காகத் தண்டவாளத்தில் உருளும் ஏணி நிற்கிறது. மேடைக்கு முன்னால் ஆணி நிறைந்த மரப்பீப்பாய்கள். நடுவில் நிக்கல் பூச்சுப் பட்டைகள் மின்னும் வார்ப்பிரும்பு அடுப்புகள். செயின்ட் லூயிஸ் நகரத்து சிம்மன்ஸ் நிறுவனத்தின் ‘கீன் கட்டர்’ கருவிகளுக்கான விளம்பரப் பலகை பின்சுவரில் தெரிகிறது. வெளிச்சம் போதாத இடத்தில் கேமராவின் மூடியைச் சில விநாடிகள் திறந்து வைத்துத்தான் அன்று படமெடுக்க முடியும் என்பதால், ஏணியருகே நிற்கும் பையன் தலையை அசைத்ததில் அவன் முகம் கலைந்து போயிருக்கிறது. முதலாளி மட்டும் இம்மியும் அசையவில்லை.

அட்டையின் பின்புறத்தில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘ஏஸோ’ என்ற புகைப்படத் தாளின் பெயரும், நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருக்கின்றன. இத்தகைய தாளைச் சேகரிப்பாளர்கள் 1904 முதல் 1918 வரை என்று கணிக்கிறார்கள். பின்புறம் நடுக்கோட்டால் பிரிக்கப்பட்டிருப்பதால், இது 1907 மார்ச் மாதத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. முகவரியோடு செய்தியையும் அதே பக்கத்தில் எழுத அமெரிக்க அஞ்சல் துறை அனுமதித்தது அப்போதுதான். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தேன். அக்டோபர் மாதம், முதல் தேதி புதன்கிழமை. 1907க்கும் 1918க்கும் இடையில் அக்டோபர் 1 புதன்கிழமையில் வந்த ஆண்டு 1913 ஒன்றுதான்.

அந்த ஆண்டு இரும்புக்கடைக்காரர்களுக்குச் சாதாரண ஆண்டு அன்று. சியர்ஸ், மாண்ட்கோமரி வார்டு முதலிய நிறுவனங்கள் விலைப்பட்டியல் புத்தகம் அனுப்பித் தபால்வழி வியாபாரம் செய்துகொண்டிருந்த நிலையில், 1913 ஜனவரி 1 அன்று அரசின் பார்சல் தபால் தொடங்கியது. அதுவரை 4 பவுண்டாக இருந்த எடை வரம்பு 11 பவுண்டாக உயர்ந்ததால், சுத்தியலும் பூட்டும் நேரே பண்ணை வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின. சிற்றூர் வணிகர்கள் இத்திட்டத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்திருந்தனர். சரக்கு முழுவதும் தெரியும்படி முதலாளி நிற்கும் இந்தப் படத்தை, ‘புத்தகத்தில் பார்ப்பதையெல்லாம் இங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம்’ என்ற பதிலாகவே நான் பார்க்கிறேன். இது என் ஊகம்தான் என்றாலும், இழுப்பறை முகப்பில் கீலையே பொருத்திவைத்தவர் அப்படி நினைத்திருக்கக்கூடியவர்தான்.

மினசோட்டாவில் வசிக்கும் உறுப்பினர்:

நாட்காட்டியிலிருந்து ஆண்டைக் கணக்கிட்ட முறை சிறப்பாக இருக்கிறது, ஐயா. ஆனாலும் ஓர் ஐயம். 1919ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதியும் புதன்கிழமைதான். ஊர்ப் புகைப்படக்காரர் மிச்சமிருந்த பழைய தாளை மறு ஆண்டும் பயன்படுத்தியிருந்தால், உங்கள் அட்டை ஆறு ஆண்டுகள் இளையதாகிவிடும்.

கோடாக் நிறுவனம் 1903இல் 3ஏ மடிப்பு கேமராவை வெளியிட்ட பிறகு, அதன் நெகட்டிவே அஞ்சலட்டை அளவில் இருந்ததால், பெரிதாக்காமல் நேரடியாகத் தாளில் அச்செடுக்க முடிந்தது. எனவே ஒரு படம் பத்துப் பிரதியோ இருபது பிரதியோ போட்டதோடு முடிந்துவிடும். அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த வண்ண அட்டைகளில் இந்தச் சிறு கடைகள் அதிகம் இடம்பெறாமல், புகைப்பட அட்டைகளில் மட்டும் அகப்படுவதற்கு இதுவே காரணம் என நினைக்கிறேன். இரண்டையும் பிரித்தறிவது எளிது: உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு, படத்தின் நிறம் இழையோடிக் கரைந்து சென்றால் புகைப்படம். பழைய புகைப்படமாயின், இருண்ட பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி மேலெழுந்து நீலச்சாயலாகப் பளபளக்கும். புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளீரென்று வெண்ணீலமாக ஒளிர்ந்தால், அண்மைக் காலத் தாளில் எடுத்த மறுபிரதி என்று சந்தேகிக்கலாம். ஒரு விற்பனையாளர் பழையது என்று உறுதிகூறிய அட்டை இந்தச் சோதனையில் ஒளிர்ந்ததால் வாங்காமல் வந்திருக்கிறேன்.

என்னிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிப்புறப் படம். பெயர்ப்பலகையில் இரும்புச் சாமான், மேசை நாற்காலி, சவ அடக்கம் என்ற மூன்றும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்துச் சிற்றூர்களில் இது விசித்திரமன்று. மரச்சாமான் விற்றவரிடமே சவப்பெட்டியும் கிடைத்தது, பெட்டி விற்றவரே இறுதிச் சடங்கையும் நடத்திக்கொடுத்தார். கடைவாசலில் ஒரு பக்கம் கலப்பைகளும், மறுபக்கம் துணி துவைக்கும் கைப்பிடி இயந்திரமும். புகைப்படக்காரர் நெகட்டிவில் மையால் எழுதிய ஊர்ப்பெயர் படத்தில் வெள்ளையாக விழுந்திருக்கிறது. நெகட்டிவின் மறுபுறத்திலிருந்து இடவலம் மாறிய எழுத்தாக எழுத வேண்டியிருந்ததால், ஆங்கில ‘என்’ எழுத்து மட்டும் திரும்பி நிற்கிறது.

கன்சாஸில் வசிக்கும் உறுப்பினர்:

நான் படத்தைவிடப் பின்புறத்துக்காகவே வாங்குபவள். கடைகளில் சரக்குக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சென்ற விற்பனைப் பிரதிநிதி ஒருவர், தாம் போன கடையின் படத்தையே வாங்கி மனைவிக்கு அனுப்பிய அட்டை என்னிடம் உள்ளது. கடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ரயில் தாமதம், சளி, சனிக்கிழமை வீடு திரும்புவது, அவ்வளவே. அதில் ஒட்டியிருப்பது 2 சென்ட் தலை. போர்க்காலத்தில், 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை, அஞ்சலட்டைக் கட்டணம் 1 சென்டிலிருந்து 2 சென்டாக உயர்ந்திருந்தது. தபால் முத்திரை மங்கியிருந்தாலும் தலையின் மதிப்பு இப்படிக் காலத்தைச் சொல்லிவிடுவதுண்டு. அனுப்பாத அட்டையை வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை என்பதற்காக ஒஹாயோ நண்பர் வருத்தப்படாமல் இருப்பாராக.

ஒஹாயோவில் வசிக்கும் உறுப்பினர்:

வருத்தம் இல்லை, அம்மா. 1919 என்ற ஐயம் நியாயமானது; அட்டையின் உறையில் 1913 என்று எழுதி, அருகே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஊரைக் கண்டுபிடிக்க சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் அவற்றில் பெரும் பகுதியை இணையத்தில் ஏற்றியுள்ளது. ஒவ்வொரு கட்டடமும் செங்கல்லா மரமா என்பது இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களால் குறிக்கப்பட்டிருக்கும். இரும்புக்கடை என்றால் அதுவும் எழுதியிருக்கும். என் அட்டையில் பின்சுவரின் வலது மூலையில் ஒரு பக்கக் கதவு திறந்திருப்பதால், கடை தெருமுனையிலோ ஒரு சந்துக்குப் பக்கத்திலோ இருந்திருக்க வேண்டும். முனைக்கட்டடத்தில் இரும்புக்கடை உள்ள ஊர்களை மட்டும் தனியே குறித்து வருகிறேன். ஒஹாயோவில் பாதி மாவட்டங்களைக்கூட இன்னும் பார்த்து முடிக்கவில்லை.