பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழு: டெக்சாஸில் மாடு செத்தால்

பெரியப்பா: (வந்த செய்தி) "அமெரிக்காவில் மாடு செத்தால் முழு விலையையும் அரசே வீடு தேடி வந்து தரும்." பிரபு, உண்மையா தம்பி?

பிரபு (டெக்சாஸின் அமரில்லோவிலிருந்து): பாதி உண்மை பெரியப்பா. தீ, வெள்ளம், புயலில் செத்தால் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். வீடு தேடியெல்லாம் யாரும் வர மாட்டார்கள். கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வேளாண் அலுவலகத்தில் நாமே போய் நிற்க வேண்டும்.

செல்வி அத்தை: அப்போ நம்ம ஊர் மாதிரிதான் 😄

பிரபு: 2024 பிப்ரவரி கடைசியில் இங்கே ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ வந்ததே, நினைவிருக்கா அத்தை? உளுத்த மின்கம்பம் ஒன்று காற்றில் முறிந்து ஆரம்பித்தது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து, மாடுகள் ஆயிரக்கணக்கில் போயின.

பிரபு: தன் நஷ்டக் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி எங்கள் ஆபீசுக்கு வந்த மாட்டுக்காரர் ஒருவர் செத்த மாட்டுக்கெல்லாம் போட்டோ வைத்திருந்தார். தீக்கு முந்தின நாள் தன்னிடம் எத்தனை மாடு இருந்தது என்று காட்டத்தான் அவரிடம் ஒரு காகிதமும் இல்லை.

மணி சித்தப்பா: செத்ததைக் காட்டினால் போதாதா?

பிரபு: போதாது சித்தப்பா. வருடத்துக்கு இத்தனை சதவீதம் எப்படியும் சாகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பணம். மொத்தம் தெரியாமல் எதில் கழிப்பது? அப்புறம் தடுப்பூசி பில், வங்கிக் கடன் பேப்பர் எல்லாம் தேடிக் கொண்டுவந்தார், ஓரம் கருகினபடியே.

செல்வி அத்தை: தப்பித்த மாடு எதைத் தின்னும்? புல்லும் போயிருக்குமே.

பிரபு: அங்கேதான் வில்லங்கம். மேய்ச்சல் நஷ்டத்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் தீ என்றால் மத்திய அரசு நிலத்தில் எரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் பெரும்பாலும் சொந்த நிலம். அதனால் இன்னொரு திட்டத்தில் மனுப் போட வேண்டும். கம்பிவேலிக்கு வேறொன்று, பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை.

பெரியப்பா: சுற்றிச் சுற்றி 75தானா!

மணி சித்தப்பா: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நமக்குத் தமிழ்நாடு அரசு கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. நாட்டு மாடோ ஜெர்சியோ, ஒரே தொகை.

பிரபு: இங்கே வகைக்கும் எடைக்கும் தகுந்த மாதிரி மாறும்.

பெரியம்மா: ஆற்றோடு போன மாட்டுக்கு என்ன செய்தார்கள்? உடலே இல்லாமல் டாக்டர் எப்படிச் சான்று எழுதுவார்?

மணி சித்தப்பா: எதிர்வீட்டுக்காரருக்கு அதில்தான் இழுத்தடித்தது மதினி. தொழுவத்தில் முளைக்குச்சியும் அறுந்த கயிறும்தான் மிச்சம். பால் சொசைட்டி புத்தகத்தைக் காட்டி, தினமும் ஊற்றின பாலை வைத்துத்தான் மாடு இருந்ததையே நம்ப வைத்தார்.

பிரபு: அதே கதைதான் சித்தப்பா. பால் புத்தகத்துக்குப் பதில் இங்கே தடுப்பூசி பில்.

பெரியப்பா: நம்ம மாடு சிவப்பிக்குக் காதில் அடையாள வில்லை இருக்கா?

பெரியம்மா: முள்வேலியில் மாட்டி அறுந்து எத்தனை நாளாச்சு! சொன்னால் யார் காதில் வாங்குகிறீர்கள்?

பெரியப்பா: சரி சரி. மணி, திங்கட்கிழமை கால்நடை டாக்டர் வருவாரா?

மணி சித்தப்பா: வருவார் அண்ணே. அதுவரைக்கும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து இந்தக் குழுவிலேயே போட்டுவையுங்கள். தேதி தானாகவே விழும்.

பெரியம்மா: பால் கறந்த பிறகு எடுக்கச் சொல். இப்போது கிட்டே போனால் உதைக்கும்.