பயாலஜி இல்லாமல் பி.ஃபார்ம் சேர முடியுமா?

கேள்வி: தங்கை பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்தவள். உயிரியல் இல்லை. மருந்தியல் பட்டப் படிப்புகளான பி.ஃபார்ம், ஃபார்ம்.டி இரண்டில் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

பதில் 1: இரண்டுக்குமே தகுதி உண்டுங்க. இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாகக் கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். பி.ஃபார்ம் சேர்ந்தால் முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி (பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்களுக்கான அடிப்படைப் பாடம்) படிக்க வேண்டும். அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உடற்கூறியல் பாடமும் அதே செமஸ்டரில் வந்துவிடும். ஃபார்ம்.டிக்குச் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அது 6 வருடப் படிப்பு, கடைசி வருடம் இன்டர்ன்ஷிப்.

பதில் 2: மதிப்பெண்ணைவிட முக்கியமானது கல்லூரியின் அங்கீகாரம். இந்திய மருந்தியல் கவுன்சில் பட்டியலில், சேரப்போகும் படிப்பின் பெயரையே தேடுங்கள். டி.ஃபார்முக்கு (மருந்தியல் டிப்ளமோ) அனுமதி இருப்பதால் பி.ஃபார்முக்கும் இருக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் பட்டம் கையில் இருந்தும் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது.

பதில் 3: டி.ஃபார்ம் முடித்தவர்கள் நேராக பி.ஃபார்ம் மூன்றாம் செமஸ்டரில் சேரலாம். ஆனால் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் இரண்டையும் கூடுதலாக முடிக்க வேண்டும்.