வில்லன் வேடமே வாழ்நாள் தொழிலாக: கபுகி நடிகர் ஐந்தாம் கோஷிரோவைப் பற்றி ஒரு கேள்வி

மேடைநேசன்:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய ஓவியர் ஷராகு 1794-இல் வரைந்த மரக்கட்டை அச்சு ஓவியங்களுள் ஒன்றில், மூன்றாம் இச்சிகாவா கோமாஸோ என்ற கபுகி (ஜப்பானிய மரபு நாடக) நடிகர் ஷிகா டைஷிச்சி என்னும் கொலைகாரனாகத் தோன்றுகிறார். இவரே 1801-இல் ஐந்தாம் மாட்சுமோட்டோ கோஷிரோ என்ற வழிவழி மேடைப் பெயரை ஏற்று, 1838-இல் மறையும் வரை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தின் முதன்மையான வில்லன் நடிகராக விளங்கினார் என்று படித்தேன். ஒரு நடிகர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தீயவர்களாக நடித்தே கழித்தார் என்றால், அது அவர் விரும்பித் தேர்ந்ததா, அல்லது அரங்கின் அமைப்பு அவரை அங்கே ஒதுக்கி வைத்ததா? நாயக நடிகர்களுக்கு அடுத்த படியில்தான் இத்தகையோர் வைக்கப்பட்டார்களா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அரங்கநோக்கி:

வணக்கம். முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எடோ காலக் கபுகியில் ஒவ்வொரு நடிகரும் ஒரு வேட வகைக்கு உரியவராகவே அறியப்பட்டார். நாயகன் ஒரு வகை, பெண் வேடம் ஒரு வகை, எதிரி வேடம் ஒரு வகை. எதிரி வேடத்துக்குள்ளேயே பல பிரிவுகள் இருந்தன. அரியணையைக் கவர நினைக்கும் அரசவைப் பிரபு ‘குகேஅகு’; அவர் முகத்தில் நீலக் கோடுகள் தீட்டப்படும். சிவப்புக் கோடு வீரத்தின் வேகத்தைக் காட்டுவது போல நீலம் குளிர்ந்த தீமையைக் காட்டும். ஒரு பெருங்குடும்பத்தையே கைப்பற்றச் சதி செய்யும், உணர்ச்சியை வெளிக்காட்டாத தலைமை வில்லன் ‘ஜிட்சுஅகு’. அழகும் கொடூரமும் சேர்ந்தவன் ‘இரோஅகு’. இவர்களுக்குக் கீழே அடியாட்களும் கோமாளித்தனமான எதிரிகளும் வருவார்கள்.

நடிகர்களை மதிப்பிட்டுத் தரம் பிரித்து ஆண்டுதோறும் வெளிவந்த விமர்சன நூல்களில் ஜிட்சுஅகு நடிகர்களுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. எனவே அதை ஒதுக்கப்பட்ட மூலையாகக் கருத இடமில்லை. நாயகனுக்கு நிகராக மேடையில் நிற்கத் தகுந்த கனம் உள்ளவருக்கே அந்த இடம் கிடைத்தது.

தாங்கள் குறிப்பிட்ட ஓவியத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கிரி அரங்கில் நடந்த அதே நாடகத்தில், கொலையுண்டவரின் மகள்கள் பழிவாங்கத் துணைநிற்கும் மீன் வியாபாரி கோரோபேயாக நடித்தவர் நான்காம் கோஷிரோ. அதாவது இவருடைய தந்தை. தந்தை நல்லவர் பக்கமும் மகன் கொலைகாரனாகவும் ஒரே மேடையில் நின்றார்கள். இருவரையும் ஷராகு தனித்தனியே வரைந்திருக்கிறார்.

கிழக்குவாசல்:

ஐந்தாம் கோஷிரோவைப் புரிந்துகொள்ள நிக்கி டான்ஜோ என்ற ஒரே வேடத்தைப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. 1671-இல் முற்றிய செண்டாய்ப் பகுதியை ஆண்ட டாடே குடும்பத்து வாரிசுப் பூசலைத் தழுவி, தணிக்கைக்கு அஞ்சிக் காலத்தையும் பெயர்களையும் மாற்றி எழுதப்பட்ட ‘மெய்போகு செண்டாய் ஹாகி’ நாடகத்தின் வில்லன் அவன். மாளிகையின் தரைக்கு அடியில் நடக்கும் காட்சியில், சதிகாரர்களின் பெயர்ச்சுருளைக் கவ்விக்கொண்டு ஓடும் பெரிய எலி ஒன்றை, காவலுக்கு நிற்கும் வீரன் ஒட்டோகோனோசுகே இரும்பு விசிறியால் நெற்றியில் அடிக்கிறான். எலி தப்பி, பார்வையாளர்களின் நடுவே செல்லும் ஹனமிச்சி நடைமேடையின் பொறிக்கதவுக்குள் மறைகிறது. அங்கிருந்து புகை எழ, அதே சுருளை வாயில் கவ்வியபடி, நெற்றியில் காயத்தோடு நிக்கி மெதுவாக மேலே வருகிறான். நீண்ட கழிகளின் நுனியில் எரியும் மெழுகுவர்த்திகளை மேடைப் பணியாளர்கள் அவன் முகத்தருகே பிடிக்கிறார்கள். முதன்மை மேடையில் திரை மூடிவிட, அவன் தனியாக, ஒரு சொல்லும் பேசாமல், தரையில் கால் படாதவனைப் போல நடந்து வெளியேறுகிறான்.

இந்தக் காட்சியில் முழங்குபவன் நாயகன். உடலெங்கும் வலிமை தெறிக்க, சிவப்புக் கோடுகள் தீட்டிய முகத்தோடு அவன் நிற்கிறான். வில்லனுக்கு வசனமே இல்லை. ஆயினும் அரங்கம் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதில் ஐயமே எழுவதில்லை. குரலையும் பாய்ச்சலையும் விலக்கிவிட்டு, முகத்தின் ஒரு கோணத்தாலும் நடையாலும் மட்டும் அச்சத்தை உண்டாக்குவதே ஜிட்சுஅகு நடிகரின் கலை. கோஷிரோவுக்கு அதற்கேற்ற முகம் இயற்கையாகவே வாய்த்திருந்தது. ‘உயர்ந்த மூக்குக் கோஷிரோ’ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். குனிசாடா போன்ற ஓவியர்கள் அந்த மூக்குக்காகவே அவரைப் பக்கவாட்டில் வரைந்தார்கள்.

அவருடைய இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம் இருந்தது. இன்றும் நிக்கி வேடம் ஏற்கும் நடிகர், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், அதே இடத்தில் ஒரு மச்சத்தைத் தீட்டிக்கொள்கிறார். ஒருவரின் உடற்குறி வேடத்தின் இலக்கணமாகவே மாறிவிட்டது. இரண்டாம் படியில் வைக்கப்பட்ட நடிகருக்கு இத்தகைய மரியாதை கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

மேடைநேசன்:

இருவருக்கும் நன்றி. ஆனால் கோஷிரோ புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய உயர்வுக்கு வில்லன் வேடம் காரணமா, குடும்பப் பெயர் காரணமா என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. பெயர் பெற்ற குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்கும் இந்தப் பாதை திறந்திருந்ததா?

ஓவியப்பிரியை:

திறந்திருந்தது. குடும்பப் பெயரின் துணையின்றி மேலே வந்தவர் என்ற முறையில், கோஷிரோவுக்கு ஒரு தலைமுறை முந்திய முதலாம் நாகாமுரா நாகாஸோவை நான் அவரினும் உயர்வாகவே மதிக்கிறேன். 1736-இல் பிறந்த அவர் நடிகர் குடும்பத்து வாரிசு அல்லர். பாடகர் ஒருவருக்கும் நடன ஆசிரியை ஒருவருக்கும் வளர்ப்பு மகனாக வளர்ந்து, நடிகர்களின் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார். 1766-இல், தலைவனுக்காகச் சாமுராய்கள் பழிவாங்கும் ‘சூஷிங்குரா’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் வரும் சடாகுரோ என்ற சிறிய வழிப்பறிக்காரன் வேடம் அவருக்குக் கிடைத்தது. அதுவரை அவனை முரட்டு மலைக்கொள்ளையனாகவே மேடையில் காட்டி வந்தார்கள். நாகாஸோ அவனை வாழ்விழந்த சாமுராயாகக் கண்டார். வெளுத்த முகம், கறுப்பு உடை, கிழிந்த குடை, மழையில் நனைந்து நீர் சொட்டும் உடல் என்று அவர் வகுத்த தோற்றமே இன்றுவரை நிலைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் அவனுக்குரிய வசனம் ‘ஐம்பது ரியோ’ என்பது மட்டுமே. முதியவரைக் கொன்று பறித்த பணத்தை எண்ணிச் சொல்லும் சொல் அது. சற்று நேரத்தில், காட்டுப்பன்றிக்குக் குறிவைத்த குண்டு பாய்ந்து அவனே இறந்துவிடுகிறான்.

நாயக வேடங்களில் மூத்தோர் வகுத்த முறையை மீறுவது கடினம். வாரிசுகள் அதற்குக் காவலாக இருந்தார்கள். எவரும் பொருட்படுத்தாத சிறிய வில்லன் வேடத்தில் புதுமை செய்வதற்கு இடம் இருந்தது என்று நான் கருதுகிறேன். நாகாஸோ பின்னர் பெரிய ஜிட்சுஅகு நடிகராகவும் உயர்ந்தார். நாட்டைக் கவரத் திட்டமிடும் குரோனுஷி, எளிய காவலனாக வேடமிட்டு வரும் ‘செக்கி நோ டோ’ நடன நாடகத்தை 1784-இல் முதன்முதலில் ஆடியவர் அவரே.

கிழக்குவாசல்:

ஓவியப்பிரியை அவர்கள் நாகாஸோவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் கோஷிரோவின் உயர்வைக் குடும்பப் பெயரால் மட்டும் விளக்க முடியாது. நாடகாசிரியர் நான்காம் ட்சுருயா நன்போகு, இவருடைய திறமையை மனத்தில் வைத்தே வேடங்களை எழுதினார். 1810-இல் அரங்கேறிய ‘எஹோன் கப்போ கா ட்சுஜி’யில் இரண்டு வில்லன்கள் உண்டு: அதிகார வெறி கொண்ட உயர்குடியினரான டைகாகுனோசுகே ஒருவர், கூலிக்குக் கொலை செய்யும் தெருப்போக்கிரி டஹெய்ஜி மற்றவன். இரண்டையும் கோஷிரோ ஒருவரே நடித்தார். கட்டளையிடும் தீமைக்கும் பணத்துக்காக அதை நிறைவேற்றும் தீமைக்கும் நடையிலும் பேச்சிலும் உள்ள வேறுபாட்டை ஒரே உடலில் காட்டும்படி ஓர் ஆசிரியர் எழுதுகிறார் என்றால், அந்த நடிகர்மீது அவர் வைத்த நம்பிக்கை எவ்வளவு பெரியது! 1825-இல் அவருடைய பேய்க்கதை நாடகமான ‘யோட்சுயா கைடான்’ முதன்முதலில் மேடையேறியபோது, அறுபதைக் கடந்திருந்த கோஷிரோவுக்கு நன்போகு கொடுத்தது நவோசுகே என்ற கீழ்மகனின் வேடம். அழகிய கொடியவன் இயேமொனாக ஏழாம் டான்ஜூரோ நடித்தார். நாயக மரபின் தலையாய பெயரைத் தாங்கியவரே வில்லனாக வந்து நின்றார் என்பதையும் மேடைநேசன் கவனிக்க வேண்டும்.

கோஷிரோ தீயவர்களாக மட்டுமே நடித்தார் என்பதும் சரியன்று. நகரத்து எளியோருக்குத் துணைநிற்கும் பன்சுயின் சோபேயும் அவருக்குப் புகழ் தந்த வேடமே. நன்போகுவின் அந்த இரட்டை வேடத்தை நம் காலத்தில் நிலைநிறுத்தியவர் பதினைந்தாம் கடாவோகா நிசாயெமோன். 2018 ஏப்ரலில் டோக்கியோ கபுகி அரங்கில், இதுவே இந்த வேடங்களில் தம் கடைசி முறை என்று அறிவித்து இரண்டையும் நடித்தார். அப்போது அவருக்கு வயது 74.