முகாம் ஆட்களுக்குத்தான் வேலை கிடைக்கிறதே, அப்புறம் என்ன குறை?

வைகைக்கரையான்:
ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு முழு பெயிண்டிங்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஆட்கள்தான். பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஜன்னல் விளிம்பில் ஒரு சொட்டு சிந்தாமல் முடித்தார்கள். நம்ம ஊர் ஆட்களுக்குக் கொடுக்கிற அதே கூலிதான். 1983-லிருந்து வந்தவர்கள், ஒரே மொழி, வேலைக்கும் பஞ்சமில்லை. நன்றாகக் கலந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

உச்சப்பட்டி பி.இ.:
அண்ணே, சாரத்தில் நின்றவன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டீர்களா? நான் பி.இ. முடித்துவிட்டு பிரஷ் பிடிக்கிறேன். பிறந்தது இந்த முகாமில்தான். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவனுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டுமாம், எனக்கு இரண்டு பேருமே இலங்கை மன்னார். நேர்காணலில் எல்லாம் சரியாகப் போகும், பாஸ்போர்ட் கேட்பார்கள், அதோடு முடிந்தது.

பழங்காநத்தம் பாண்டி:
தம்பி, எங்கள் தெருவிலும் பி.இ. படித்தவன் சாப்பாடு டெலிவரிக்குத்தான் போகிறான். உங்களுக்காவது 2021-ல் உதவித்தொகையைக் கூட்டினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். அவனுக்கு யார் கொடுக்கிறார்கள்?

உச்சப்பட்டி பி.இ.:
அவன் நினைத்தால் நாளைக்கே பாஸ்போர்ட் எடுத்து சிங்கப்பூர் போகலாம் அண்ணே. நான் திருப்பூரில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்க்கவே யோசிக்க வேண்டும், முகாமில் ஆள் கணக்கு எடுக்கிற நாளில் இல்லையென்றால் பதிவுக்கே சிக்கல். அதனால்தான் பக்கத்திலேயே தினக்கூலி. பெயிண்டிங் எங்களுக்குப் பிடித்துப்போய் எல்லாரும் அதில் போய் விழவில்லை.

திருவாதவூர் டீச்சர்:
பாண்டி, பிழைப்பு ஓடுவதும் தொழிலில் மேலே வருவதும் ஒன்றா? முப்பது வருஷம் பெயிண்ட் அடித்தவர் தன் பெயரில் காண்டிராக்ட் எடுக்க முடியாமல் உள்ளூர்க்காரர் பெயரில் எடுத்துக் கமிஷன் கொடுப்பதை நான் பார்க்கிறேன். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு போட்டதே நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். தம்பி மாதிரி 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்கள் என்ன செய்வது?

வைகைக்கரையான்:
குடியுரிமை டெல்லி விவகாரம் டீச்சர். நான் பேசுவது வேலையைப் பற்றி.

உச்சப்பட்டி பி.இ.:
வேலையைப் பற்றியே பேசுவோம் அண்ணே. அடுத்த முறை வீட்டு வேலை வந்தால் மேஸ்திரி வழியாக வராமல் எங்கள் செட்டிடமே நேராக காண்டிராக்ட் கொடுப்பீர்களா?